சர்வர் அறைக்கு வந்த மிஸ்டு கால்

இப்போது போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம். கடல் தாண்டி இருக்கிறவர் மத்தியானம் என்ன குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார் என்பதுவரைக்கும் தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன? “ம், அப்புறம்?” என்று ஆளுக்கு நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஹஃப்ஸாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அவளுக்கு வாய்த்த காலம் வேறு. புருஷன் சார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூரில் ஒரு நீல விளக்கைப் போடுவான். அவள் போய் அதை அணைப்பாள். பேச்சு அவ்வளவுதான். அதில் இருந்த ருசி பிறகு வந்த எந்தப் போனிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கூத்தாநல்லூர்க்காரர் ஹாஜா மைதீனுக்குச் சார்ஜாவில் வரிசையாக மளிகைக் கடைகள் இருந்தன. கணக்கு வழக்கையெல்லாம் ஊரில் வைத்து முடித்தால் செலவு பாதியாகும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். நாடே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்த நேரம் அது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடியைப் பிடித்து அலுவலகம் போட்டுவிட்டார். கடைகள் அங்கே, கணக்கு இங்கே. வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை டிபன் டப்பாவோடு படியேறுகிற ஒரே கூட்டம் அந்த மாடிக்கூட்டம்தான்.

மாடியின் பின்பக்கம் ஜன்னலை அடைத்து ஏசி போட்ட ஒரு சின்ன அறையில் சர்வர்கள் இருந்தன. இரும்பு அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக, பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே அச்சு. அவற்றைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு கலந்தருடையது. அவன் சார்ஜாவில் இருந்தான். அறைக்குள் போய், அன்றன்றைய கணக்கின் நகல் பதிகிற டேப்பை மாற்றுவது, ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பது ஹஃப்ஸாவின் வேலை. பி.சி.ஏ. முடித்திருந்தவளை, கல்யாணமான கையோடு கலந்தர்தான் முதலாளியிடம் சொல்லி அங்கே சேர்த்துவிட்டான். சேர்த்துவிட்டு அவன் சபுர் கிளம்பிவிட்டான். வெளிநாட்டுக்குப் போவதைச் சபுர் என்பது அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் வழக்கம். போகிறவன் சபுராளி. நீடாமங்கலத்தில் அவர்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றாலே சபுராளி என்றுதான் அர்த்தம்.

தஞ்சாவூர் மெஷினைச் சார்ஜாவிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று மெஹராஜ் பேகம்கூடக் கேட்டார். கலந்தரின் தாயார் அவர், ஹஃப்ஸாவுக்குத் தகப்பனாரோடு கூடப்பிறந்த மாமி. ஹஃப்ஸா விளக்கிச் சொன்னாள். ஒவ்வொரு சர்வருக்கு உள்ளேயும் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கார்டு இருக்கிறது. சர்வர் செத்துக் கிடந்தாலும் கார்டு விழித்திருக்கும். தனக்கென்று தனி கேபிள் வைத்துக்கொண்டு, உள்ளே சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா, கரன்ட் ஒழுங்காக வருகிறதா என்று எல்லாவற்றையும் அங்கே சொல்லிக்கொண்டிருக்கும். அங்கிருந்தே நிறுத்தலாம், அங்கிருந்தே எழுப்பலாம். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மருமவளுக்கு ஒரு கார்டு கண்டுபிடிச்சா நல்லாருக்கும்” என்றார்.

அது கிண்டலில்லை என்று ஹஃப்ஸாவுக்குப் பிறகுதான் புரிந்தது. மின்வெட்டுக் காலம். கரன்ட் போய் ஏசி நின்றால், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் தெரியும் முன்பே சார்ஜாவுக்குத் தெரிந்துவிடும். போன் அடிக்கும். “ரூம் சூடாவுது புள்ள, ஜெனரேட்டரைப் போடச் சொல்லு.” ஒருநாள் அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. “மெஷினுக்கு ரெண்டு டிகிரி ஏறுனா ஒங்களுக்குத் தெரியிது. மூணு நாளா எனக்குக் காய்ச்ச. அது தெரிஞ்சுதா மச்சான்?” என்று கேட்டுவிட்டாள். மறுநாள் காலை அவள் டேப் மாற்றப் போனபோது, மேலிருந்து இரண்டாவது சர்வரின் முகப்பில் நீல விளக்கு ஒன்று மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

அது கோளாறு விளக்கு இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற அடுக்கில், ‘இந்த மெஷினைத்தான் சொல்கிறேன், இதைப் பார்’ என்று தூரத்தில் இருப்பவர் கிட்டே நிற்பவருக்குக் காட்டுகிற விளக்கு. கார்டின் வழியாக அங்கிருந்து போடலாம். முகப்பில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இங்கேயே அணையும். அணைந்தது அங்கே திரையில் தெரியும். அவள் போன் போட்டு எதற்கு இந்த விளக்கு என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல. காய்ச்ச எப்படி இருக்குன்னு கேட்டேன்” என்றான்.

அதன் பிறகு தினமும் அது நடந்தது. ஐ.எஸ்.டி.க்குக் காசு கொடுத்து மாளாமல் ஊரே மிஸ்டு கால் கொடுத்துக் கொண்டிருந்த நாட்கள். ஒரு ரிங் விட்டால் ‘நலம்’, இரண்டு விட்டால் ‘கூப்பிடு’ என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் இருந்தது. ஹஃப்ஸாவின் மிஸ்டு காலுக்குச் சத்தமும் கிடையாது, செலவும் கிடையாது. நீடாமங்கலத்தில் ரயில் ஏறி, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற பஸ்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, சம்பா நாற்றங்கால்களைத் தாண்டித் தஞ்சாவூர் வந்து சேர்வாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர் அறைக்குள் நுழைவாள். விளக்கு அடித்துக்கொண்டிருக்கும். உடனே அணைக்கமாட்டாள். கொஞ்சம் காக்க வைப்பாள். அவளும் எத்தனை மாசம் காத்திருக்கிறாள்!

பெருநாள் வந்தால் இந்த விளையாட்டுக்கு இன்னொரு சுவை சேரும். அரபு நாட்டில் பிறை ஒரு நாள் முந்திவிடும். அங்கே பெருநாள் என்றால் இங்கே கடைசி நோன்பு. அன்றைக்குச் சார்ஜா அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதால் விளக்கு வராது, போன்தான் வரும். தொழுத கையோடு கூப்பிட்டு, “நான் பிரியாணி சாப்பிட்டாச்சு. நீ போயி நோன்புக் கஞ்சியக் குடி” என்று வெறுப்பேற்றுவான். கார்டைப் பார்க்கிற கம்ப்யூட்டர் பக்கம் சார்ஜா அலுவலகத்துக்குள் மட்டும்தான் திறக்கும் என்று அவனே சொல்லியிருந்தான்.

துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன வருஷம் வந்தது. தெருவில் வாரத்துக்கு ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ‘லீவு’ என்றார்கள். லீவு முடிந்தும் போகாதவர்களைத் தெரு வேறு மாதிரி பார்த்தது. கலந்தர் மட்டும் அசையவில்லை. கம்பெனியில் போனை மாற்றிவிட்டார்கள், நானே கூப்பிடுகிறேன் என்று வைகாசி மாசம் சொன்னான். அவன் கூப்பிட்டால் எங்கேயோ இருக்கிற நம்பரெல்லாம் விழும். நெட் போனில் பேசுகிற எல்லாருக்கும் அப்படித்தான் விழுந்தது. அதனால் ஹஃப்ஸாவுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. பெருநாளுக்காவது வருவானா என்ற ஏக்கம் ஒன்றுதான் அவளுக்கு. கேட்டால், “பாப்போம்” என்பான். பாப்போம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவள் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

அந்த வருஷமும் அரபு நாட்டில் பிறை முந்தியது. சார்ஜாவில் பெருநாள், தஞ்சாவூரில் நோன்பு. அங்கே பெருநாள் என்றால் கலந்தரின் போன் காலையிலேயே வந்திருக்க வேண்டும். ரயிலில் வரும்போதெல்லாம் கைப்பைக்குள் கையை விட்டபடியே வந்தாள். வரவில்லை. மனசு கேட்காமல் அறைக்குள் போனால், விளக்கு அடித்துக்கொண்டிருக்கிறது!

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருநாளும் அதுவுமாகப் பூட்டிய அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி, தனக்காகப் போய் இதைப் போட்டிருக்கிறாரே என்று உருகிப்போனாள். அன்றைக்குக் காக்க வைக்காமல் உடனே அணைத்தாள்.

மத்தியானம் போன் வந்தது. பிரியாணியைப் பற்றித்தான் ஆரம்பிப்பான் என்று பார்த்தால், “டேப் மாத்திட்டியா?” என்றான்.

“மாத்திட்டேன். அது கெடக்கு. பெருநாள் வாழ்த்து மச்சான். தொழுதுட்டு வந்து சாப்பிட்டாச்சா?”

“எங்க புள்ள, இன்னும் பிறையே தெரியலியே. சாயங்காலந்தான் சொல்லுவாங்க. நோன்பு இன்னைக்குத் தலையச் சுத்துது, அவ்ளோ வெயிலு” என்றான் கலந்தர்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. “இல்ல... அங்க ஊருல பிறையக் கேட்டேன்” என்று இழுத்தான். ஹஃப்ஸா, “ம்” என்றாள். வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

சார்ஜாவில் இருக்கிறவன் பெருநாள் அன்று நோன்பு வைக்கமாட்டான். உலகத்தில் எதை மறந்தாலும் சபுராளி அதை மறக்கமாட்டான். நம் ஊர்ப் பிறைக்குக் காத்திருக்கிறான் என்றால், நம் ஊர் வானத்துக்குக் கீழேதான் எங்கேயோ இருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்று நினைத்ததாம். கலந்தரும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அவள் மறுபடி அந்தக் குளிர் அறைக்குள் போனாள். முதலில் பயம் வந்தது. இன்னொரு குடும்பமா, கடனா, உடம்புக்கு எதுவுமா என்று மனசு போகாத இடமெல்லாம் போய்வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததும் புத்தி தெளிந்தது. கூப்பிட்டுக் கேட்டால் ஒரு பொய் சொல்வான். அதை மறைக்க இன்னொன்று சொல்வான். தூரத்தில் இருக்கிறவன் கை எதையும் எட்டும், அவன் வாயைத்தான் நாம் எட்டிப் பிடிக்க முடியாது. அடுக்கின் பின்பக்கம் போனாள். சர்வருக்கான கேபிள் நீலம், கார்டுக்கான கேபிள் மஞ்சள். சர்வரைத் தொடவில்லை. கார்டுகளின் மஞ்சள் கேபிள்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைகளின் கணக்கு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கலந்தருக்குத்தான் கண் போனது.

அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

“ஹஃப்ஸா, ஒரு கார்டும் வரலியே! பின்னால கேபிளு ஆடிப்போச்சா பாரு.”

“ஆடல மச்சான். நாந்தான் கழட்டுனேன்.”

“என்னது?”

“கையில வச்சிருக்கேன்.”

“வெளையாடாத புள்ள. மெஷினுக்கு எதாச்சும் ஆனா இங்கேர்ந்து நான் ஒண்ணுமே பண்ண முடியாது.”

“இங்கேர்ந்துன்னா, எங்கேர்ந்து?”

அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ தமிழில் யாரையோ திட்டினார்கள்.

“திருவல்லிக்கேணி” என்றான் கலந்தர். “ஒரு மேன்ஷன்ல ரூம் எடுத்திருக்கேன்.”

“எப்பலேர்ந்து?”

“வைகாசிலேர்ந்து. முதலாளி பாதிக் கடைய மூடிட்டாரு. விசாவ கேன்சல் பண்ணிட்டாங்க. ஆபீஸுக்கு வெளியேயும் கார்டு தொறக்குற மாதிரி மாத்திக் குடுத்து, எங்கேர்ந்து பாத்தா என்ன, பாதிச் சம்பளத்துக்குப் பாருன்னாரு. வேற விசா வந்ததும் மெட்ராஸ்லேர்ந்தே அப்படியே ஏறிடலாம்னு நெனச்சேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“எனக்குமா?”

“ஒனக்குத்தான் மொதல்ல தெரியக்கூடாதுன்னு நெனச்சேன்” என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. சார்ஜா சார்ஜா என்று அவள் ஏங்கியதெல்லாம் ஒரு ராத்திரி பஸ் தூரம். ஆடியில் அவள் மறுபடி காய்ச்சலில் கிடந்தபோதும், மாமி வழுக்கி விழுந்தபோதும், அவன் அந்தப் பஸ் தூரத்தில் உட்கார்ந்து விளக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

“நாளைக்குப் பெருநாத் தொழுவைக்கு ஊருக்கு வாங்க” என்றாள். “வந்தா கேபிள நானே மாட்டுறேன்.”

“கையில ஒண்ணுமில்லாம எப்படி வர்றது புள்ள? பெட்டி இல்லாம நம்ம தெருவுல எவன் வந்து எறங்கியிருக்கான்?”

அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்தத் தெருவில் சபுராளி வந்து இறங்கினால், அவன் முகம் கழுவும் முன்பே பெட்டி கட்டவிழ்க்கப்படும். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கூடத்தில் வந்து உட்காரும். சென்ட் பாட்டில், தைலம், பால் பவுடர் டின், டார்ச் லைட், பிஸ்தா என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். யார் யாருக்கு என்ன வந்தது என்பதை வைத்துத்தான் அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்று தெரு முடிவு செய்யும். எதிர்வீட்டு ரசியா பேகம் ஒரு பெட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. பெட்டியில்லாமல் வருவதும் தலையில்லாமல் வருவதும் கலந்தருக்கு ஒன்றுதான்.

“தெரு என்ன சொல்லும்னு தெரியிது. நான் என்ன சொல்லுவேன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள் ஹஃப்ஸா. “மெட்ராஸ்லேர்ந்து பாக்குற மெஷின நீடாமங்கலத்துலேர்ந்து பாத்தா அது கோச்சுக்குமா? வந்தா வாங்க. வராட்டி இந்த வெளக்கு இனிமே எனக்கு வேணாம்.”

போனை வைத்த பிறகு பேசியது அதிகமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேபிள்களை மாட்டவில்லை.

சாயங்காலம் பிறை தெரிந்தது. வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் மாமிக்கு ஏன் ஒரு துக்கம் என்று விட்டுவிட்டாள். ராத்திரியெல்லாம் பெருநாள் இனிப்பான வட்டலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்ததில் கை வலித்தது. மனசு வலித்ததற்கு அது தோதாக இருந்தது.

பெருநாள் காலையில் மாமி புதுச்சேலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் ஓய்ந்து, தொழுகை முடிந்து, ஆண்கள் கட்டிப்பிடித்து சலாம் சொல்லிக்கொண்டு தெருவில் வர ஆரம்பித்தார்கள். ஹஃப்ஸா இடியாப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். புதுச்சட்டைகள் போயின. அத்தர் வாசனை போனது. கூட்டம் மெலிந்து, கடைசியில் தெரு காலியானது. வரவில்லை என்று திரும்பப் போனவள், யாரோ செருப்பை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டு நின்றாள்.

கசங்கிய சட்டை, தொப்பிக்குப் பதில் தலையில் கட்டிய கைக்குட்டை, தோளில் ஒரு பை. மன்னார்குடி பஸ் கேட்டில் மாட்டிக்கொள்ள, பாதி வழியில் இறங்கி நடந்து வந்து கடைசி வரிசையில் நின்று தொழுதிருக்கிறான். வாசலில் வந்து நின்றானே தவிர உள்ளே வரக் கால் எழவில்லை. “அம்மா” என்றான். “வேலை...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

மெஹராஜ் பேகம் எழுந்து வந்தார். மகனையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். ஹஃப்ஸாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லாததையும் பார்த்துவிட்டார். மகனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்துவிட்டது. “யாரு, கலந்தரா? எப்ப வந்துச்சு? சொல்லவே இல்லியே!” என்று ரசியா பேகம் புதுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். கண் பையைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, தெருக்கோடிவரை போய் வந்தது. “பெட்டியெல்லாம் பின்னாடி கார்ல வருதா?”

கலந்தர் தலையைக் குனிந்துகொண்டான். ஹஃப்ஸா ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயெடுத்தாள்.

“பெட்டி வரல ரசியா” என்றார் மெஹராஜ் பேகம். “புள்ளதான் வந்திருக்கு. உள்ள வந்து பாத்துட்டுப் போ.”

ரசியா பேகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்த கால், திரும்பிப் போனால் நன்றாயிராது. உள்ளே வந்து, வழக்கமாகப் பெட்டிக்கு முன்னால் உட்காருகிற அதே கூடத்தில் கலந்தருக்கு எதிரே உட்கார்ந்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது.

“என்னப்பா இப்படி எளச்சுப் போயிட்டே?” என்றார். “கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. ஒழுங்கா சாப்புடுறியா இல்லியா?”

இத்தனை வருஷத்தில் அவன் எத்தனையோ முறை வந்து இறங்கிய அந்தக் கூடத்தில் அதுவரைக்கும் யாரும் அவனை இந்தக் கேள்வி கேட்டதில்லை. கலந்தர் அந்த மூன்று பெண்கள் முன்னாலும் ஓவென்று அழுதான். ஹஃப்ஸா தட்டை அவன் முன்னால் வைத்து, அவன் சாப்பிடட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.